வாழைக்காயும் சீலாக் கருவாடும்

நீ ஜன்னல் பக்கமே இரும்மா, எனக்குக் காத்து ஒத்துக்காது. மதுரைக்கா? நானும் மதுரைக்குத்தான். மக வீடு. விசேசம் ஒண்ணும் இல்ல. என் வீட்ல எனக்கு மரியாதை இல்ல, கிளம்பி வந்துட்டேன். கண்ணு கலங்கலைம்மா, தூசி. தூத்துக்குடி உப்பளம் தாண்டுற வரைக்கும் இந்தக் காத்து அப்படித்தான்.

வீட்டு விசயத்தை வெளிய பேசுற பழக்கம் எனக்குக் கிடையாது. நீ இவ்வளவு தூரம் கேக்குறதால சொல்றேன்.

எல்லாம் என் மருமவளால. பேரு ஜொசெட். நம்ம சூசையப்பர், அதான் ஜோசப், அவர் பேருதான், அவுங்க ஊர்ல பொம்பளப் பிள்ளைக்கு இப்படி மாத்தி வைப்பாங்களாம். ஊரு செயின்ட் லூசியா. கடலுக்கு நடுவுல ஒரு தீவு. புனித லூசியம்மா பேர்ல ஒரு நாடே இருக்குன்னு கேட்டதும் எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். என் மவன் டெல்வின் பெரிய உல்லாசக் கப்பல்ல ஆபீசர். ஆபீசர்னா சாப்பாட்டு சைடு ஆபீசர். அடுப்புப் பக்கம். கப்பல் போய் நிக்கிற துறைமுகத்துல இந்தப் பிள்ள ஒரு கடையில வேலை பாத்திருக்கு. போன்ல சொல்லுதான், "அம்மா, பொண்ணு கரீபியன்". லைன் கரகரங்குது. எனக்குக் கொரியன்னு கேட்டுச்சு. நானும் தெருவுல நாலு பேருட்ட அப்படியே சொல்லிட்டேன். அடுத்த வீட்டு காலேஜ் பிள்ள டிவியில கொரியா நாடகமா பாக்கும், அது புது டிரெஸ் போட்டுக்கிட்டு மருமவளைப் பாக்க ஓடி வந்துச்சு. வந்து பாத்துட்டு, தண்ணிகூடக் குடிக்காம போயிருச்சு.

நான் நிறம் பாக்குறவ இல்லம்மா. நானே என்ன செவப்பா? ஆனா வெளிநாட்டு மருமவன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கும்போது எங்களைவிட ரெண்டு பங்கு கறுப்பா ஒரு பிள்ள வந்து எறங்கினா நாலு பேரு என்ன சொல்வாங்க? அதைத்தான் பாத்தேன். கல்யாண போட்டோவை ஹால்ல மாட்டணும்னான் டெல்வின். மாட்டினேன். டிவிக்குப் பின்னால மாட்டினேன். டிவிய நகட்டினா நல்லாத் தெரியும்.

எங்க ஏரியா அப்படிம்மா. சுத்திப் பூரா டாக்டர், வக்கீல், புரொபசர். முன்னால நாங்க கடற்கரையில மீன் காயப்போடுற களத்துக்குப் பின்னால இருந்தோம். அதை விடு. எங்க வீட்டுக்காரவிய பேரு இன்னாசி. கடல் பொருள் வியாபாரம். முத்தும் கடல் பொருள், சங்கும் கடல் பொருள். கருவாடு மட்டும் மரத்துலயா காய்க்குது? அதுவும் கடல் பொருள்தான். நான் யார்ட்டயும் பொய் சொல்லல.

புது வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்னைக்கே அவியகிட்ட சொல்லிட்டேன், வாசப்படி தாண்டி இனிமே கருவாடு வரக்கூடாதுன்னு. கிடங்கோட நிக்கணும். வெளிக் குழாய்ல குளிச்சிட்டுத்தான் உள்ள வரணும். அவிய ஒண்ணும் சொல்லல. அதுக்குப் பொறவு எதுக்குமே பெரிசா ஒண்ணும் சொல்லல. சாப்பாடு வச்சா சாப்புடுவாவ, டிவி போட்டா பாப்பாவ. நல்ல மனுசன், வாயே கிடையாதுன்னு எல்லாரும் சொல்வாங்க. நானும் நிம்மதியா இருந்தேன்.

டெல்வின் மறுபடி கப்பலுக்குப் போகும்போது, "இந்தத் தடவை ஜொசெட் உங்ககூட இருக்கட்டும்மா, நம்ம ஊரு பழகட்டும்"னு விட்டுட்டுப் போயிட்டான். நான் இட்லி வச்சேன், சாப்பிட்டுச்சு. புட்டு வச்சேன், சாப்பிட்டுச்சு. குறை சொல்லாத பிள்ள. எனக்கு அதுவே சந்தேகம். பொறவு ஒரு நாள், "மாமி, நான் எங்க ஊர்ச் சாப்பாடு செய்யவா?"ன்னு கேட்டுச்சு. மாமிங்கிறது மட்டும் தமிழ்ல, மிச்சம் இங்கிலீஷ்ல. எனக்கு இங்கிலீஷ் நல்லா வரும், பதில் சொல்றதுக்குள்ள எதுத்தாப்ல உள்ளவங்க அடுத்ததுக்குப் போயிருவாங்க, அவ்வளவுதான்.

நான் என்ன நெனைச்சேன்? கேக்கு செய்யும், பாலாடைக்கட்டி போட்டு இழுத்தா நூலா வருமே, அந்த மாதிரி ஏதாச்சும் செய்யும்னு நெனைச்சேன். அதுக்காகவே ஒரு ஓவன் வாங்கி, பிளாஸ்டிக் கவரைக்கூடப் பிரிக்காம வச்சிருந்தேன். இந்தப் பிள்ள மாமனாரைக் கூட்டிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போச்சு. திரும்பி வந்து பையைக் கொட்டுது பாரு. வாழைக்காய். மரச்சீனிக்கிழங்கு. சேம்பு இலை ஒரு கட்டு. நாகர்கோயில் பக்கத்துலேருந்து வருமே சீமைப்பலா, அதுல ஒண்ணு. எல்லாத்துக்கும் கீழ பேப்பர்ல சுத்தி ஒரு பொட்டலம். பிரிக்கவே வேண்டாம். சீலாக் கருவாடு. எனக்கு வாசம் தெரியாதா?

நான் அவியளைப் பாத்தேன். அவிய ஃபேனைப் பாத்தாவ. "அந்தப் பிள்ளதான் கேட்டுச்சு"ன்னாவ.

சால்ட் பிஷ், சால்ட் பிஷ்னு மார்க்கெட் பூராவும் கேட்டிருக்கு. அவியளுக்கு அந்த ரெண்டு வார்த்தை விளங்காதா? நேரா நம்ம கிடங்குக்கே கூட்டிட்டுப் போயிட்டாவ. அங்க போய் இது ஒவ்வொரு மீனா எடுத்து, வளைச்சுப் பாத்து, மோந்து பாத்து, வேணாம்னு வச்சு, கடைசியில அடியில கிடந்த ஒரு சீலாவ உருவியிருக்கு. அவிய வீட்டுக்கு வந்து செருப்பைக் கழத்திக்கிட்டே சொல்லுதாவ, "பிலோமி, அந்தப் பிள்ளைக்கு மீன் பாக்கத் தெரியுதுடி." எத்தனையோ வருசத்துக்கு அப்புறம் தானா எடுத்த பேச்சு. அதுவும் இதைப் பத்தி.

நான் அடுப்படிக்குள்ள போகல. வாசல்ல நின்னு பாத்தேன். கருவாட்டைப் பச்சத் தண்ணியில ஊறப் போட்டுச்சு. அது போதுமா? சீலா, கட்டி மீனு, நடு முள்ளு வரைக்கும் உப்பு ஏறி நிக்கும். "அரிசி களைஞ்ச தண்ணியில போடணும் மூதி"ன்னேன். விளங்கல. நானே கொண்டு வந்து ஊத்தினேன். கெட்டுப்போற பண்டத்தைப் பாத்துக்கிட்டுச் சும்மா நிக்க முடியுமா? ஊற வச்சு, வேக வச்சு, அந்தத் தண்ணியக் கொட்டி, முள்ளு பொறுக்கி, மீனை உதிர்த்துச்சு. வாழைக்காயைத் தோலோட கீறி வேக வச்சு, பொறவு உரிச்சுச்சு. வெங்காயம், பூண்டு, குடமிளகாய், தக்காளி, நெறைய எண்ணெய். நேரா கொல்லைக்குப் போய், நான் சளிக்குன்னு தொட்டியில வச்சிருந்த கற்பூரவல்லியக் கிள்ளிக்கிட்டு வருது. மீனுக்குக் கற்பூரவல்லி. கேட்டா, அவுங்க ஊர்ல அது இல்லாம மீனே கிடையாதாம். வாழைக்காய்க்கு அங்க பேரு பச்சை அத்தியாம். வாழைக்காயை அத்திக்காய்ங்கிற ஊருக்கு நாம என்னத்தைச் சொல்ல.

நான் சாப்பிடல. ருசி பாத்தேன். ருசி பாக்காம எப்படிக் குறை சொல்றது? முதல் தடவை சரியாக் குறை பிடிபடல, அதனால இன்னொரு கரண்டி பாத்தேன். அதுக்குள்ள அவிய சட்டியை வழிச்சுட்டாவ.

அதோட முடிஞ்சிருந்தா நான் இந்த பஸ்ல இருக்க மாட்டேன். எங்க கோயில்ல மரியாயின் சேனைன்னு பொம்பளைங்க சபை ஒண்ணு இருக்கு. அதுல பல் டாக்டர் சம்சாரம் எஸ்தல் அக்கா. அவ மருமவ கனடாக்காரி. அக்கா வீட்டுக்குப் போனா ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பேரு சொல்லுவா, நாம வாயத் திறந்து கேட்டுக்கிட்டே திங்கணும். ஒரு தடவை எல்லாரு முன்னாலயும், "பிலோமி, உன் மருமவ ஊர்ல என்னதான் சாப்புடுவாங்க?"ன்னு கேட்டா. கேட்ட தொனி எனக்குத் தெரியும். "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எல்லாரும் வாங்க, தீவு விருந்து"ன்னு சொல்லிட்டேன்.

போனுக்குள்ள தமிழ்ல பேசி, அது இங்கிலீஷ்ல மாத்திக் குடுத்ததை ஜொசெட்டுட்ட காட்டினேன். உங்க நாட்டுல பெரிய மனுசங்க வந்தா என்ன செய்வீங்களோ, அதைச் செய்யின்னு. அந்தப் பிள்ளைக்குச் சந்தோசம் தாங்கல, என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிச்சு. வேர்வையோட. நானும் பொறுத்துக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை பூசைக்குக் கிளம்புறதுக்கு முன்னால மூடியத் திறந்து பாத்தேன். பெரிய சட்டி நெறைய சீலாக் கருவாடு. அண்டா நெறைய வாழைக்காய். பக்கத்துல கருவாட்டு வடை மாதிரி ஒண்ணு, அக்ராவாம். சேம்பு இலையும் தேங்காப்பாலும் நண்டும் போட்டுப் பச்சப் பசேல்னு ஒரு சாறு. "என்ன பிள்ள இது?"ன்னேன். "எங்க நாட்டோட சாப்பாடு மாமி. தேசத்துக்கே இதுதான்"ன்னுச்சு. நமக்கு மயில் மாதிரி, அவுங்களுக்கு வாழைக்காயும் கருவாடும். ஒரு நாட்டுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலன்னா நான் என்ன பண்ண முடியும், சொல்லு. பல் டாக்டர் சம்சாரத்துக்கு நான் என் கையால கருவாடு வைக்கவா?

ஹோட்டலுக்குப் போன் போட்டேன். ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், சில்லி சிக்கன், வெள்ளையா ஒரு புட்டிங். வந்ததும் நல்ல பீங்கான்ல மாத்தினேன். தீவுன்னு தெரியணுமே, அன்னாசிப்பழத்தை வளையம் வளையமா வெட்டி எல்லாத்து மேலயும் சொருகினேன். ஃப்ரைட் ரைஸ் மேலயும்தான். பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. அவ சட்டிகளை எல்லாம் தூக்கிக் கொல்லைப்புறத்து வேலைக்கட்டுல, வெளி அடுப்புகிட்ட வைக்கச் சொன்னேன். "அவுங்களுக்குக் காரம் ஆகாது"ன்னேன். அந்தப் பிள்ள அன்னாசிப்பழத்தைப் பாத்துச்சு. பொறவு என்னையப் பாத்துச்சு. அதுக்குக் கண்ணு பெரிசு, பாத்தா ஒரு மாதிரி இருக்கும். நான் போய் டிவியப் போட்டேன். சட்டிகளை அது தனியா தூக்கல, அவிய ஒரு பக்கம் பிடிச்சாவ.

பூசை முடிஞ்சு எல்லாரும் வந்தாளுவ. பட்டுச் சேலை, சென்ட்டு வாசம். மேசையப் பாத்து, "அழகா இருக்கு பிலோமி"ன்னாளுவ. எல்லாம் மருமவ கையால செஞ்சதுன்னு சொன்னேன். பரிமாறினேன். எஸ்தல் அக்கா நூடுல்ஸை முள்கரண்டியில சுத்திக்கிட்டே இருக்கா, வாய்க்குப் போகல. மூக்கை இப்படித் தூக்குதா. "ஏ பிலோமி, கருவாடா?"ன்னா. "தெருவுல எவளோ வறுக்கா"ன்னேன். "நம்ம தெருவுலயா?"ன்னா. "காலம் அப்படிக் கெட்டுப் போச்சுக்கா"ன்னேன்.

கை கழுவிட்டு வாறேன்னு எந்திரிச்சா. கொல்லைப்பக்கம் போனா. திரும்பல. அவளைப் பாத்துட்டு வாறேன்னு இன்னொருத்தி போனா. அவளும் திரும்பல. போனவளைக் கூப்பிடப் போனவளும் திரும்பல. மேசையில நானும், காது கேக்காத புரொபசர் அம்மாவும், அன்னாசிப்பழமும். புரொபசர் அம்மா ஃப்ரைட் ரைஸை ஒரு வாய் வச்சுட்டு, "நம்ம பைபாஸ் ஹோட்டல்ல போடுற மாதிரியே இருக்கே"ன்னாவ. காதுதான் கேக்காது, நாக்கு நல்லா வேலை செய்யுது.

நான் எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். வேலைக்கட்டுல நிக்காளுவம்மா, அத்தனை பேரும். துணி துவைக்கிற கல்லு மேல சட்டி. எஸ்தல் அக்கா முந்தானைய இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, வாழைக்காயைப் பிட்டு கருவாட்டுல ஒத்தி ஒத்தித் திங்கா. கரண்டி இல்ல, ஒண்ணும் இல்ல. ஜொசெட் அக்ரா சுட்டுச் சுட்டுப் போடுது. எங்க வீட்டுக்காரவிய வாளியக் கவுத்துப் போட்டு உக்காந்து, தட்டு நீட்டுறவளுக்கெல்லாம் பரிமாறுதாவ.

எஸ்தல் அக்கா இங்கிலீஷ்ல அந்தப் பிள்ளகிட்ட கேட்டா, உள்ள இருக்கிறதும் நீ செஞ்சதான்னு. சும்மா ஒரு தலையாட்டு ஆட்டக்கூடாதா? ஆமான்னு சொன்னாத்தான் என்ன, நாக்கு தேஞ்சா போகும்? "அது மாமி கடையில வாங்கினாங்க"ன்னு சொல்லி, மூலையில நான் சாக்கு போட்டு மூடி வச்சிருந்த ஹோட்டல் பெட்டிகளைப் பாத்துக் கையை வேற காட்டுது. மறைக்கவே தெரியாத பிள்ளம்மா. வளர்ப்பு அப்படி.

அத்தனை பேரும் பெட்டியப் பாத்தாளுவ, பொறவு கையில இருந்த தட்டைப் பாத்தாளுவ. திட்டியிருந்தா தேவல. எஸ்தல் அக்கா பேச்சை மாத்தி, "இதைப் போய் எப்படி நாட்டுச் சாப்பாடுன்னு வச்சிருக்கீங்க?"ன்னு கேட்டா. அந்தப் பிள்ள அடுப்பைக் குறைச்சு வச்சுட்டுச் சொல்லுச்சு. எஸ்தல் அக்கா எல்லாருக்கும் தமிழ்ல மாத்திச் சொன்னா. அவுங்க பாட்டன் பூட்டனையெல்லாம் அடிமையாப் பிடிச்சுக் கொண்டுபோய்க் கரும்புத் தோட்டத்துல விட்டாங்களாம். முதலாளிமாரு தான் திங்காத மட்டமான உப்பு மீனைக் கப்பல்ல வரவழைச்சு இவங்களுக்குப் போடுவாங்களாம். "அதை நாங்க ருசியாக்கிட்டோம். கொடுத்தவங்க போயிட்டாங்க. சட்டி எங்ககிட்ட இருக்கு"ன்னுச்சாம். சொல்லும்போது அந்தப் பிள்ள அழவும் இல்ல, தலையக் குனியவும் இல்ல. அக்ராவைத் திருப்பிப் போட்டுக்கிட்டே சொல்லுது. எனக்கு என்னன்னா, அடிமை, அது இதுன்னு வந்தவங்க முன்னாலயா பேசுறது? நம்ம குடும்பத்துல யாராச்சும் அப்படி இருந்தா வெளிய சொல்லுவோமா?

அப்பத்தான் எங்க வீட்டுக்காரவிய வாயத் திறந்தாவ. திறக்கிற நேரத்தைப் பாரு. "எங்கம்மா இதைத்தான் தலையில சுமந்து தெருத் தெருவா வித்தா"ன்னாவ. சரி, அது அவிய அம்மா, சொல்லிட்டுப் போகட்டும். அதோட நிறுத்துனாவளா? "நான் பிலோமியப் பொண்ணு பாக்கப் போனப்ப, அவ களத்துல குனிஞ்சு சீலா புரட்டிக்கிட்டு இருந்தா. அந்தக் கரையில அவ கை உப்புக்குத்தான் பேரு. எந்த மீனுக்கு எவ்வளவுன்னு அவளைத்தான் வந்து கேப்பாவ"ன்னு சொல்லுதாவ. சிரிச்சுக்கிட்டே சொல்லுதாவ. என்னமோ எனக்கு மெடல் குத்துற மாதிரி.

இத்தனை வருசமா எங்கப்பா துறைமுகத்துல கிளார்க்குன்னு சொல்லி வச்சிருக்கேன். எஸ்தல் அக்கா என்னைய ஏற எறங்கப் பாத்தா. "அப்ப இதுல உப்பு எடுத்தது நீதானா பிலோமி? அதான பாத்தேன், இவ்வளவு பக்குவமா இருக்கே"ன்னா. சொல்லிட்டுத் தட்டை என்கிட்ட நீட்டுதா. நக்கல்தான் அது. வேற என்ன? நக்கல் பண்றவ மூணாந்தடவை வாங்கித் திம்பாளான்னு டெல்வின் போன்ல கேக்கான். அவனுக்கு என்ன தெரியும், கப்பல்ல இருக்கான்.

அதுக்குப் பொறவு வாராவாரம் பூசை முடிஞ்சா நேரா எங்க வீட்டுக் கொல்லைக்கு வந்துருதாளுவ. ஹால் வழியாக்கூட வாறதில்ல. ஒருத்தி சேம்பு இலை கொண்டு வாறா, ஒருத்தி நண்டு கொண்டு வாறா. பல் டாக்டரே ஒரு நாள் தூக்குவாளியோட வந்து நின்னாரு. அந்த ஓவன் மேல இப்ப வாழைக்காய்த் தார் இருக்கு. எங்க வீட்டுக்காரவியளும் அந்தப் பிள்ளையும் பேசிக்கிறதைக் கேக்கணுமே. அவிய தமிழ்ல பேசுதாவ, அது இங்கிலீஷ்ல பேசுது, ரெண்டு பேருக்கும் எல்லாம் விளங்குது. எனக்குத்தான் ஒண்ணும் விளங்கல.

இன்னைக்குக் காலையில மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போறேன். என் சேலை கிடக்கிற கொடியில மீனு தொங்குது. அந்தப் பிள்ளைக்குக் கடை உப்பு பிடிக்கலியாம், தானே உப்பு போடணுமாம். மாமனாரும் மருமவளுமாப் பாய விரிச்சு, மீனைக் கீறி, தெருவே பாக்குற மாதிரி பரப்பி வச்சிருக்காவ. எதுத்த வீட்டு வக்கீல் மாடியில நின்னு, "எப்ப ரெடியாகும்?"ன்னு கேக்காரு.

எனக்கு வந்துச்சே ஆத்திரம். நேரா அவியகிட்ட போய் நின்னேன். "இந்த வீட்ல ஒண்ணு நான் இருக்கணும், இல்ல கருவாடு இருக்கணும். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க"ன்னேன்.

அந்த மனுசன் யோசிச்சாவம்மா.

கருவாடுதான் வேணும்னு வெடுக்குனு சொல்லியிருந்தாக்கூட, கோவத்துல சொல்லிட்டாவன்னு விட்டிருப்பேன். கையில இருந்த மீனைக் கீழ வச்சு, கையத் துடைச்சு, வானத்தைப் பாத்து, நிதானமா யோசிச்சாவ. யோசிச்சுட்டுச் சொல்லுதாவ, "பைபாஸ்ல போய் நிக்காத பிலோமி. பஸ் ஸ்டாண்டுலயே ஏறு, அப்பத்தான் சீட்டு கிடைக்கும்."

நாப்பது வருசம் குடும்பம் நடத்தினவகிட்ட சொல்ற பேச்சா இது? சீட்டு கிடைச்சுச்சு, அது வேற விசயம்.

பையைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்தேன். அந்தப் பிள்ள ஓடி வந்து பையை வாங்கி ஆட்டோவுல வச்சுச்சு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். விடுதா? கை பூரா உப்போட, "மாமி, உப்பு? எவ்வளவு?"ன்னு கேக்குது. அதுக்குத் தெரிஞ்ச தமிழே அவ்வளவுதான். என்ன செய்ய, விருந்தாளிக திங்கிற பண்டமாச்சே. எறங்கி மாடிக்குப் போய், ஒரு மீனைப் புரட்டிப் பாத்து, இன்னும் ஒரு பிடி அள்ளி முள்ளு ஓரமாத் தேச்சுக் காட்டிட்டுத்தான் வந்தேன். ஆட்டோக்காரன் திட்டிக்கிட்டே நின்னான்.

அருப்புக்கோட்டை வந்துட்டா? மதுரைக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்? ஏம்மா, உனக்குத் தெரியுமா, ஞாயித்துக்கிழமை பூசை முடியிறதுக்குள்ள தூத்துக்குடி போய்ச் சேரணும்னா மதுரையிலேருந்து விடியக்காலம் எந்த வண்டி இருக்கு? திரும்பிப் போறேன்னு நெனைச்சிராத. மாடியில போட்ட மீனு அன்னைக்குத்தான் பதத்துக்கு வரும். ஒரு மணி நேரம் முந்தி எடுத்தாலும் போச்சு, பிந்தி எடுத்தாலும் போச்சு, அந்தப் பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தெரியாது. எஸ்தல் வேற வந்து மோந்து பாப்பா.

மதுரையில எறங்கினதும் மறக்காம விசாரிச்சுச் சொல்லும்மா.